நடராஜரைத் தோளில் போட்டுக்கொண்டு ஓட முடியுமா? வாசகர் கேள்வி – பதில்

எட்டு வாரமாக இந்த இதழில் வந்த கலைத்திருட்டு சாகசத் தொடர்கதை சென்ற வாரம் முடிந்தது. தவறவிட்டவர்களுக்குச் சுருக்கம்: கொள்ளிடக்கரைக் கோயில் ஒன்றிலிருந்து மூன்றடி உயரச் சோழர்கால நடராஜர் களவு போகிறார். அவர் இருந்த இடத்தில் ஒரே இரவில் வார்த்த போலி நிற்கிறது. அசல் நாகப்பட்டினத்தில் படகேறி, ஜெனீவா கிடங்கு வழியாக லண்டன் ஏல அரங்குக்குப் போகிறது. நடுவே பாரிஸில் ஓர் ஓவியமும் களவாடப்படுகிறது. கடைசியில் இன்டர்போல் நாயகி வில்லனுக்கு விலங்கு மாட்டுகிறாள். வந்த கடிதங்களில் பாதி பாராட்டு, பாதி சண்டை. சண்டைக்கே இங்கு முதலிடம்.

வாசகர், திருவையாறு: கதை விறுவிறுப்பு, மறுக்கவில்லை. ஆனால் நாயகன் மூன்றடி நடராஜரை முதுகுப்பையில் போட்டுக்கொண்டு மூன்று கூரை தாண்டுகிறானே, அது நடக்குமா?

நடக்காது. நம் பக்கத்து உற்சவமூர்த்திகள் உள்ளே கூடு விட்டு வார்த்தவை அல்ல. முழுக்க உலோகம் நிரம்பிய கன வார்ப்பு. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்றால், அதே அளவு வெண்கலம் ஏறத்தாழ எட்டே முக்கால் கிலோ. 15 லிட்டர் பிடிக்கிற குடத்தை மனதில் வையுங்கள். பீடம், சுற்றியுள்ள சுடர்வளையமான திருவாசி, காலடியில் கிடக்கும் முயலகன் எல்லாம் சேர்த்து மூன்றடி நடராஜர் முக்கால் குடத்துக்குச் சமம் என்று வைத்தாலே நூறு கிலோவை நெருங்கிவிடும். ஆருத்ரா தரிசனத்தன்று சுவாமியைச் சுமக்கும் ஸ்ரீபாதந்தாங்கிகளின் தோளைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கே தேவையில்லை.

இன்னொன்றையும் கதாசிரியர் மறந்துவிட்டார். நடராஜரின் விரிந்த சடையும் வீசிய கரமும் தூக்கிய காலும் எல்லாப் பக்கமும் நீண்டு நிற்பவை. இடித்தால் முதலில் போவது விரல் நுனியும் திருவாசிச் சுடரும். முதுகுப்பையில் திணித்துக் குதித்தால் ஏல அரங்குக்குப் போய்ச் சேர்வது ஊனப்பட்ட மூர்த்திதான். இவ்வளவு விரிந்து நிற்காத சோமாஸ்கந்தரையோ சம்பந்தரையோ திருடியிருந்தால்கூட ஒருவேளை ஒப்புக்கொண்டிருக்கலாம்.

வாசகர், சுவாமிமலை: ஒரே இரவில் போலி வார்ப்பதாக எழுதியது எங்கள் தொழிலுக்கே அவமானம். ஆசிரியர் ஒருநாள் பட்டறைக்கு வந்து பார்த்திருக்க வேண்டாமா?

கோபம் நியாயம். இங்கே நடப்பதை ஒழுங்காகச் சொன்னால் கதையே தானாக உடைந்துவிடும்.

முதலில் தென்னை ஓலையைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, தாளக் கணக்குப்படி (முக நீளத்தை அலகாக வைக்கும் சிற்ப அளவு) மடித்து அளவு குறிக்க வேண்டும். தேன்மெழுகோடு குங்கிலியமும் கொஞ்சம் கடலை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகில் உருவம் பிடிக்க வேண்டும். மூன்றடி உருவத்துக்குக் கை தேர்ந்தவருக்கும் இது நாள்கணக்கு வேலை. அதன்மேல் காவிரி வண்டல் மண் ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் கனத்தில் பூசப்படும். இந்த முதல் பூச்சுதான் நகக்கீறல்வரை பிடித்துக்கொள்ளும். சுவாமிமலையில் தொழில் வேரூன்றியதற்கு இந்த வண்டலே பெரிய காரணம். அது நிழலில் காய்ந்தபின் வயல் களிமண்ணும் மணலும் கலந்த இரண்டாம் பூச்சு. பிறகு பருமணல் கலந்த மூன்றாம் பூச்சு, இரும்புக் கம்பிக் கட்டு. இந்த மண் அச்சுக்குத்தான் 'கரு' என்று பெயர். ஒவ்வொன்றும் காய வேண்டும். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் விரிசல் விடும். ஈரம் தங்கிவிட்டால் இன்னும் மோசம்: ஏறத்தாழ 1,100 டிகிரியில் உலோகம் உள்ளே விழுந்ததும் ஈரம் ஆவியாகிக் கருவை வெடிக்கவைக்கும், வெடிக்காவிட்டாலும் உடம்பெல்லாம் ஊசித்துளை விழும்.

மெழுகை உருக்கி வடித்த கரு சூடாக இருக்கும்போதே உலோகத்தை ஊற்ற வேண்டும். ஆறிய கருவில் ஊற்றினால் விரல்களையும் சடையையும் எட்டுமுன்பே உலோகம் உறைந்து, கை ஊமையாக நின்றுவிடும். எவ்வளவு உலோகம் வேண்டும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு: மெழுகைவிட வெண்கலம் ஒன்பது மடங்கு கனம். ஆகவே ஒரு கிலோ மெழுகுக்கு ஒன்பது கிலோ, வாய்க்காலுக்கும் கழிவுக்கும் கொஞ்சம் கூடுதல். பாதியில் நிறுத்தி மறுபடி ஊற்றினால் மூட்டுக்கோடு விழுந்துவிடும். அதனால் கணக்கில் கஞ்சத்தனம் கூடாது. கரு தானாக ஆறியபின் உடைத்து எடுப்பது வெறும் முரட்டு வார்ப்பு. அரம் போட்டு, சிற்றுளியால் ஆடை மடிப்பும் அணிகலனும் எடுத்து முடிக்க வாரங்கள் ஆகும்.

ஆனால் போலி மாற்றும் யோசனையே பொய் என்று சொல்லிவிட முடியாது. கும்பகோணத்தை ஒட்டிய சிவபுரத்தில் 1951இல் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த நடராஜருக்கு நேர்ந்தது அதுதான். 1954இல் பழுது பார்க்க வெளியே போனார்; திரும்பி வந்தது நகல். பூட்டும் உடைபடவில்லை, கூரையும் யாரும் ஏறவில்லை. பிரிட்டிஷ் மியூசியத்தின் டக்ளஸ் பாரெட் 1965இல் தம் நூலில் கோயிலில் இருப்பது போலி என்று எழுதும்வரை பூஜை நகலுக்குத்தான் நடந்தது. அசலை 1973இல் அமெரிக்கச் சேகரிப்பாளர் நார்ட்டன் சைமன் 9 லட்சம் டாலருக்கு வாங்கியிருந்தார். இந்தியா வழக்குப் போட்டது, 1976இல் சமரசமானது, சிலை பத்து ஆண்டு அவர் அருங்காட்சியகத்தில் இருந்துவிட்டு 1986இல் திரும்பியது. கதாசிரியர் 'ஒரே இரவு' என்பதை 'பழுது பார்க்கப் போன சில மாதம்' என்று மாற்றியிருந்தால் சுவாமிமலையிலிருந்து இந்தக் கடிதம் வந்திருக்காது.

கல்லூரி மாணவி, கும்பகோணம்: 'கார்பன் டேட்டிங்' செய்து சிலை கி.பி. 1012 என்று லண்டன் நிபுணர் சொல்கிறார். எங்கள் வேதியியல் பேராசிரியர் சிரித்துவிட்டார். ஏன்?

கார்பன் முறை உயிரோடு இருந்த பொருளுக்கு. மரம், எலும்பு, கரி, துணி ஆகியவற்றில் செய்யலாம். செம்புக்கு வயது சொல்லாது. சொன்னாலும் 1012 என்று ஒற்றை ஆண்டைக் கைகாட்டாது. சுட்ட களிமண்ணை, சூடாக்கினால் வெளிவரும் ஒளியை அளக்கும் வெப்ப ஒளிர்வு முறையில் சோதிக்கலாம். ஆனால் கன வார்ப்பில் உள்ளே களிமண் இருப்பதில்லை. பீடத்தின் அடியிலோ இடுக்கிலோ பழைய கரு மண் ஒட்டியிருந்தால்தான் வழி.

நிபுணர்கள் பார்ப்பது வேறு. எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவியால் உலோகக் கலவையை அளப்பார்கள். சோழர் வார்ப்பு பெரும்பாலும் வெள்ளீயமும் காரீயமும் கலந்த செம்பு. இன்று பட்டறைகளில் பித்தளை சேர்ப்பதால் துத்தநாகம் ஏறியிருக்கும். 'சோழர் காலம்' என்று வந்த சிலையில் துத்தநாகம் கூடுதலாகக் காட்டினால் புருவம் உயரும். ஆனால் அந்தக் கருவி மேல்தோலை மட்டுமே படிக்கும். களிம்பு மூடிய இடத்தில் வைத்தால் தப்பான எண் வரும். காரீயத்தின் ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணு வகைகள்) விகிதங்களை ஒப்பிட்டு ஒரே காலத்து, ஒரே வட்டாரத்து வார்ப்புகளைக் குழுவாகப் பிரிக்கும் ஆய்வை பெங்களூருவின் சாரதா சீனிவாசன் செய்திருக்கிறார். இவற்றையெல்லாம் தாண்டி, கடைசி வார்த்தை இன்னும் கண்ணுக்குத்தான்: முகம், தோளின் இறக்கம், அணிகலன், பீடத்தின் இதழ்.

போகிற போக்கில் ஒன்று. கோயிலில் தினம் பூஜையிலிருந்த சிலை 'பச்சைக் களிம்பு படர்ந்து மின்னியது' என்று எழுதியதும் பிழை. நூற்றாண்டுகளாக எண்ணெய், பால், சந்தனம் பட்ட மூர்த்தியின் மூக்கும் கன்னமும் தேய்ந்து வழுவழுப்பாக, தேன் நிறத்தில் இருக்கும். பச்சை, மண்ணில் புதைந்ததன் அடையாளம். உண்மையான பச்சைக்கு அடியில் சிவப்பு அடுக்கு ஒன்று இருக்கும். பூசிய பச்சை பஞ்சில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

வாசகர், மன்னார்குடி: சிவப்பு லேசர் கதிர்களுக்கு நடுவே நாயகி பாம்பாட்டம் வளைந்து போன காட்சி அருமை!

காட்சி அருமைதான். சுத்தமான காற்றில் லேசர் கோடு கண்ணுக்குத் தெரியாது. புகையோ தூசியோ இருந்தால்தான் தெரியும். அருங்காட்சியகங்கள் நம்பியிருப்பது உடல் வெப்பத்தை உணரும் கருவிகளையும் கண்ணாடி அதிர்வை உணரும் கருவிகளையும். வளைந்தாலும் நெளிந்தாலும் உடம்பு சூடுதானே.

வாசகர், மயிலாடுதுறை: பாரிஸ் ஓவியத் திருட்டை இரண்டே பக்கத்தில் முடித்துவிட்டீர்கள். சட்டத்திலிருந்து அறுத்து, சுருட்டி, குடைக்குள் வைத்து நடந்துவிடுகிறான். இவ்வளவு சுலபமா?

நுழைவது சில நேரம் இதைவிடச் சுலபம். 2025 அக்டோபர் 19 அன்று பாரிஸ் லூவரில் பட்டப்பகலில் மேசை நாற்காலி ஏற்றுகிற ஏணி வண்டியை மாடி ஜன்னலில் சாய்த்து, அறுவை இயந்திரத்தால் கண்ணாடியை அறுத்து, எட்டு நிமிடத்துக்குள் அரச நகைகளை அள்ளிப் போனார்கள். போகிற அவசரத்தில் ஒரு கிரீடத்தைக் கீழே போட்டுவிட்டார்கள். கதையில் இப்படி எழுதியிருந்தால் 'நம்பும்படி இல்லை' என்று நீங்களே கடிதம் போட்டிருப்பீர்கள்.

சுருட்டுவதுதான் தவறு. பழைய ஓவியங்கள் பல மரப்பலகையில் தீட்டியவை. 1911 ஆகஸ்ட் 21 அன்று அதே லூவரிலிருந்து போன மோனலிசா பாப்லர் மரப்பலகை. திருடியவர் அங்கே முன்பு வேலை பார்த்தவர். மேலங்கிக்குள் மறைத்து வாசல் வழியாகவே வெளியேறினார். விற்க முயன்றபோது 1913 டிசம்பரில் ஃபுளோரன்சில் சிக்கினார். கித்தான் (கேன்வாஸ் துணி) என்றாலும், முந்நூறு ஆண்டு காய்ந்த எண்ணெய் வண்ணம் அப்பளம் மாதிரி. இறுக்கிச் சுருட்டினால் நொறுங்கி உதிரும். 1990 மார்ச் 18 அன்று பாஸ்டன் கார்ட்னர் அருங்காட்சியகத்தில் போலீஸ் உடையில் வந்த இருவர் 81 நிமிடத்தில் 13 பொருள்களை எடுத்துப் போனார்கள். ரெம்ப்ராண்ட் ஓவியத்தைக் கத்தியால் அறுத்தே எடுத்தார்கள். ஒரு கோடி டாலர் வெகுமதி அறிவித்தும் ஒன்றுகூடத் திரும்பவில்லை. காலிச் சட்டங்கள் இன்றும் சுவரில் தொங்குகின்றன. உலகமே அறிந்த ஓவியத்தை யாரிடம் விற்பது? நம் ஊர்ச் சிலைக்கு அந்தச் சிக்கல் இல்லை. யாரும் படம் எடுத்து வைத்திராத சிலைதான் கடத்துபவருக்கு வசதி.

வாசகர், நாகப்பட்டினம்: எங்கள் ஊர்ப் படகில்தான் கடத்த வேண்டுமா? உண்மையில் எப்படிப் போகிறது?

படகும் நள்ளிரவும் கதைக்குச் சுவை. உண்மையில் பகலில், பெட்டியில், ரசீதோடு போயிருக்கின்றன. புதுக் கைவினைச் சிலைகள் என்ற பெயரில், புதியவற்றோடு கலந்து.

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் பிரகதீஸ்வரர் கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் கொள்ளிடத்துக்கு வடகரைதான். கதாசிரியர் மனதில் இருந்ததும் இதுவாக இருக்கலாம். பூட்டிக் கிடந்த அந்தக் கோயிலில் 2006 வாக்கில் நடராஜர் களவு போனார். சிலைகளைப் பாதுகாப்பு மையத்துக்கு எடுத்துப்போக 2008இல் கதவைத் திறந்தபோதுதான் ஊருக்கே தெரிந்தது. அதே 2008இல் நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூரிடமிருந்து ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் ஏறத்தாழ 50 லட்சம் டாலர் கொடுத்து அதை வாங்கியது. அவ்வளவு பெரிய நிறுவனம் எதை நம்பி வாங்கியது? காகிதத்தை. அந்தச் சிலை 1970களின் தொடக்கத்திலேயே இந்தியாவைவிட்டுப் போய், ஒரு தனியார் குடும்பத்திடம் இருந்ததாகக் கையெழுத்துப் போட்ட பொய்க் கடிதம்.

ஏன் அந்தக் காலம்? கலைப்பொருள் கடத்தலைத் தடுக்கும் யுனெஸ்கோ உடன்படிக்கை 1970; நம் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டம் 1972, நடைமுறைக்கு வந்தது 1976 ஏப்ரல் 5. அதற்கு முன்பே போனது என்று காட்டிவிட்டால் வாங்குபவர் நிம்மதியாகத் தூங்கலாம் என்பது கணக்கு. இதுவும் அரைகுறைக் கணக்குதான். 1947 முதலே ஏற்றுமதிக்கு உரிமம் வேண்டும் என்ற சட்டம் இருந்தது. தொடரில் இந்தக் கடிதம் தயாராகும் காட்சி ஒன்றுகூட இல்லை. எங்கள் பார்வையில் பெரிய குறை இதுதான். பூட்டை உடைத்தவனுக்குக் கிடைப்பது சில ஆயிரம் ரூபாய். சிலையை லட்சக்கணக்கான டாலராக மாற்றுகிறவன் தட்டச்சு இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். வில்லனை அங்கே தேடியிருக்க வேண்டும்.

ஜெனீவா கிடங்கு மட்டும் சரியான தேர்வு. ஒருகாலத்தில் சுவிட்சர்லாந்தில் நல்லெண்ணத்தோடு வாங்கியவரிடம் ஐந்து ஆண்டு கழித்துத் திருட்டுப் பொருளைக் கேட்க முடியாது. 2005 முதல் பண்பாட்டுப் பொருளுக்கு அது 30 ஆண்டு. கதை நடப்பது இன்று என்பதால் வில்லன் பழைய சட்டப் புத்தகத்தை வைத்திருக்கிறான் என்று கொள்க.

வாசகர், திருத்துறைப்பூண்டி: இன்டர்போல் அதிகாரியாக என்ன படிக்க வேண்டும்? என் மகள் கேட்கிறாள்.

நாயகி மாதிரி துப்பாக்கியோடு நாடு நாடாகப் போய்க் கைது செய்யும் பதவி இன்டர்போலில் கிடையாது. பிரான்சின் லியோனில் தலைமையகம் வைத்து, உறுப்பு நாடுகளின் போலீசுக்குள் தகவல் பரிமாறும் அமைப்பு அது. கைது செய்வது அந்தந்த நாட்டுப் போலீஸ். சுபாஷ் கபூர் 2011இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் ஜெர்மன் போலீசிடம் பிடிபட்டு, 2012இல் இங்கே அனுப்பப்பட்டார். பத்தாண்டுத் தண்டனை விதித்தது 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றம். மகளுக்கு ஆர்வமிருந்தால் வரலாறோ தொல்லியலோ படித்துவிட்டுக் காவல்துறைத் தேர்வு எழுதட்டும். சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவு தமிழ்நாட்டிலேயே 1983 முதல் இருக்கிறது.

வாசகி, தஞ்சாவூர்: கடைசி வாரத்தில் ஒரே பாராவில் சிலை ஊர் திரும்பிவிடுகிறது. இது எங்கள் சிலை என்று எதை வைத்து நிரூபித்தார்கள்?

கதையில் இல்லை. நிஜத்தில் இரண்டு வழி, இரண்டும் நம் மாவட்டங்களிலேயே நடந்தவை.

ஒன்று பத்தூர் நடராஜர். 1976இல் இடிந்த கோயில் பக்கத்தில் மண்ணிலிருந்து கிடைத்தவர், கைமாறி லண்டன் போனார். கனடா நிறுவனம் ஒன்று வாங்கிச் சுத்தம் செய்ய பிரிட்டிஷ் மியூசியத்துக்கு அனுப்பிய நேரத்தில் லண்டன் போலீஸ் பிடித்தது. வழக்கில் மண்ணும் சாட்சி, உலோகமும் சாட்சி, கறையான் புற்றின் தடமும் சாட்சி. தொல்லியல் அறிஞர் நாகசாமி சாட்சி சொல்லக் கூண்டேறினார். இடிபாடாகக் கிடந்தாலும் கோயில் சட்டத்தின் கண்ணில் ஒரு நபர், அது வழக்காடலாம் என்று ஆங்கிலேய நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. 1991இல் நடராஜர் திரும்பினார். வாதி சாட்சாத் பத்தூர் விசுவநாதர்! தொடரில் ஒரு நீதிமன்றக் காட்சி வைக்க இதைவிட என்ன வேண்டும்?

இன்னொன்று புகைப்படம். பொறையாறு அருகே ஆனந்தமங்கலம் ராஜகோபால சுவாமி கோயிலின் ராமர், சீதை, லட்சுமணர் 1978இல் களவு போனார்கள். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் 1958இலேயே எடுத்து வைத்த படங்கள் இருந்தன. 2020இல் பிரிட்டன் அவர்களைத் திருப்பித் தந்தது. மெழுகு வார்ப்பில் ஒவ்வொரு சிலைக்கும் கருவை உடைத்தே ஆக வேண்டும். அதனால் ஒன்றைப் போல இன்னொன்று கிடையாது. சின்ன வார்ப்புக் குறை, இதழில் ஒரு பிசிறு, சாய்ந்த விரல் எல்லாம் கைரேகை.

அறங்காவலர், பாபநாசம் வட்டம்: எங்கள் சிறு கோயிலில் ஆறு உலோகத் திருமேனிகள். படம் எடுத்து வைக்கச் சொல்கிறீர்கள். எப்படி எடுப்பது?

செல்பேசி போதும், எடுக்கும் முறைதான் முக்கியம். அலங்காரம், மாலை, வஸ்திரம் எல்லாம் களைந்து, அபிஷேகத்துக்கு முந்தைய நிலையில், அர்ச்சகரைக் கொண்டே எடுக்கவைக்க வேண்டும். பெரும்பாலான ஊர்களில் கைவசம் இருப்பது அலங்காரப் படம். அதில் முகமும் பட்டும்தான் தெரியும், நீதிமன்றத்தில் பயன்படாது.

வெளிர் நிறத் துணி பின்னணி. பிளாஷ் வேண்டாம், பளபளப்பில் விவரம் அழிந்துவிடும். காலை வெளிச்சத்தில் முன், பின், இடம், வலம் நான்கும் நேராக. பிறகு முகம், கைகள், பீடத்தின் முன்பக்கம், பீடத்தின் அடி. அடிப்பக்கத்தைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். எழுத்து, ஒட்டு, கரு மண் எல்லாம் அங்கேதான் இருக்கும். ஒவ்வொரு படத்திலும் பக்கத்தில் ஓர் அளவுகோல். தனிப்படமாக ஒவ்வொரு குறையையும் எடுங்கள்: உடைந்த சுடர், தேய்ந்த மூக்கு, பற்றவைத்த தடம். அழகைவிடக் குறைதான் திருட்டை நிரூபிக்கும்.

கூடவே ஒரு தாள்: பெயர், பீடத்தோடு உயரம், பீடமில்லாமல் உயரம், அகலம், எடை, எத்தனை கை, கையில் என்ன, திருவாசிச் சுடர் எத்தனை, தேதி. எடையைப் பலர் எழுதுவதில்லை. நகல் மாற்றினால் முதலில் காட்டிக்கொடுப்பது அதுதான். ஒரு பிரதி கோயிலில், ஒன்று அறநிலையத் துறை அலுவலகத்தில், ஒன்று வெளியூர் நம்பகமானவரிடம். வாட்ஸாப்பில் அனுப்பினால் படம் சுருங்கிவிடும். மின்னஞ்சலில் முழு அளவில் அனுப்புங்கள்.

இது வெள்ளைக்காரன் சொல்லித்தந்த வித்தை என்று நினைக்க வேண்டாம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் படித்துப் பாருங்கள். ஒவ்வொரு செப்புத் திருமேனியும் எத்தனை முழம், எத்தனை விரல் உயரம், எத்தனை கை, என்ன பீடம் என்று வெட்டி வைத்திருக்கிறார்கள். கொடுத்த பொன்னை 'ஆடவல்லான்' என்ற எடைக்கல்லால் நிறுத்தார்கள். அந்தக் கோயிலிலிருந்தே போன ராஜராஜனும் லோகமாதேவியும் அகமதாபாத் அருங்காட்சியகத்திலிருந்து 2018இல்தான் திரும்பினார்கள்.

வாசகர், சீர்காழி: அடித்தளம் தோண்டும்போது சிலை கிடைத்தால் என்ன செய்வது? தொடரில் வரும் விவசாயி புளி போட்டுத் தேய்த்துக் கழுவுகிறார்.

உங்கள் ஊர் சட்டைநாதர் கோயிலிலேயே 2023 ஏப்ரலில் யாகசாலைக்கு மண் எடுத்தபோது 22 ஐம்பொன் சிலைகளும் 400க்கு மேற்பட்ட தேவாரச் செப்பேடுகளும் கிடைத்தன. ஒன்று கண்டால் பக்கத்தில் இன்னும் இருக்கும். ஆகவே முதல் வேலை பொக்லைனை நிறுத்துவது. எவ்வளவு ஆழம், எந்தத் திசை பார்த்துக் கிடந்தது என்று அப்படியே படம் எடுத்துவிட்டு, கிராம நிர்வாக அலுவலருக்கோ வட்டாட்சியருக்கோ சொல்லுங்கள். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய் மதிப்புக்கு மேற்பட்ட எந்தப் புதையலையும் ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், மறைத்தால் குற்றம்.

புளி, எலுமிச்சை, விபூதி, சீயக்காய் எதுவும் வேண்டாம். ஒட்டிய மண்தான் நாளைக்கு 'இந்த இடம்' என்று சொல்லும் சாட்சி. பத்தூரில் அதுதான் பேசியது. தவிர, மண்ணிலிருந்த உப்பு செம்போடு சேர்ந்து உள்ளே தங்கியிருக்கும். ஈரக்காற்று பட்டால் வெளிர்பச்சைப் பொடியாகக் கிளம்பி உலோகத்தைத் தின்னும். தண்ணீர் ஊற்றுவது அதற்குச் சோறு போடுவது. உலர்ந்த துணியில் சுற்றி, காய்ந்த அறையில் வையுங்கள். மீதியை வேதியியல் தெரிந்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

வாசகி, வலங்கைமான்: தொடரைப் படித்துப் பயமாகிவிட்டது. சிங்கப்பூரில் இருக்கும் என் பிள்ளைக்கு சுவாமிமலையில் புது நடராஜர் வாங்கினோம். விமான நிலையத்தில் பிடிப்பார்களா?

நூறு ஆண்டுக்கு உட்பட்ட சிலைதான் என்றாலும், சுங்க அலுவலருக்குப் பார்த்தவுடன் தெரியாதே, அம்மா. பட்டறை ரசீதில் சிலையின் பெயர், உயரம், எடை, வார்த்த ஆண்டு எழுதி வாங்குங்கள். அதையும் படங்களையும் சிலையையும் இந்தியத் தொல்லியல் துறையிடம் காட்டி, 'தொல்பொருள் அல்ல' என்ற சான்றிதழ் பெறலாம். பழமைத் தோற்றம் கொடுக்கக் கறுப்பேற்றிய சிலை என்றால் இது கட்டாயம் கையில் இருக்கட்டும். பயணத்துக்கு முந்தைய நாள் போய் நிற்காதீர்கள். டிக்கெட் எடுக்கும்போதே இந்த வேலையையும் தொடங்கிவிடுங்கள்.